வருகைப் பதிவேடும் வாசற்கதவும்
வேலை போகும்போதும், கை போகும்போதும், தானாகப் போகும்போதும் தொழிலாளியிடம் மிஞ்சுவது என்ன?

ஒன்பது நாள் வேலைக்கு ஒரு நியமனக் கடிதம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஸ்டேட் வங்கியின் தற்காலிகக் காசாளர் ஒருவருக்கு அது கிடைத்தது. வேலை என்று முடியும் என்பதும் அதிலேயே எழுதியிருந்தது. வழக்கு வந்தபோது, தான் யாரையும் நீக்கவில்லை, காலக்கெடு தானாக முடிந்தது என்று வங்கி வாதிட்டது. ஊழியர் தரப்பு விட்டுவிட்டுப் பார்த்த நாட்களையெல்லாம் கூட்டிக் காட்டியது. ஓராண்டுக்குள் 240 நாள் பூர்த்தியாகியிருந்தது. 1976இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண அய்யர் எழுதிய தீர்ப்பு காசாளர் பக்கம் நின்றது. எக்காரணத்தால் வேலை முடிந்தாலும் அது ஆட்குறைப்பே என்று சட்டம் சொல்லும்போது, முடிவுத் தேதியை முன்கூட்டியே கடிதத்தில் எழுதிவைத்துவிட்டால் மட்டும் பொறுப்பு தீர்ந்துவிடாது என்பது அதன் சாரம்.

அந்தத் தீர்ப்பு எட்டாண்டுகள்தான் முழு வலுவோடு இருந்தது. 1984இல் தொழில் தகராறு சட்டத்தின் 2(ஓஓ) பிரிவில் (பிபி) என்றொரு உட்பிரிவைச் சேர்த்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாமல் வேலை போனால் அது ஆட்குறைப்பில் சேராது என்றது அது. காசாளர் வென்ற வாதம், அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அடைபட்டது.

வேலையில் இருக்கும்போதான கூலி, நேரம், விடுப்பு பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. வேலையின் விளிம்பு அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆள் வேண்டாம் என்று முதலாளி சொல்லும் நாள், இயந்திரத்தில் விரல் மாட்டிய நாள், வேறிடத்தில் வேலை கிடைத்துக் கிளம்பும் நாள் ஆகிய மூன்றையும் இந்தியச் சட்டம் எப்படிக் கையாள்கிறது என்பதை ஒரே கேள்வியின் வழியாக இக்கட்டுரை பார்க்கிறது. உரிமை என்று சட்டம் எழுதிவைத்திருப்பதற்கும் அது கைக்கு வந்துசேர்வதற்கும் நடுவே நிற்பது எது? அங்கே நிற்பவை பெரும்பாலும் எண்கள் என்பதும், அந்த எண்களை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறதோ அவர்பக்கமே சட்டம் சாய்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இறுக்கமா, ஏட்டளவா?

இத்துறையில் இரண்டு கருத்துகள் நெடுநாளாக மோதுகின்றன. ஆளை எடுத்தால் அனுப்ப முடியாத அளவுக்கு இந்தியத் தொழிலாளர் சட்டம் இறுக்கமானது, அதனால்தான் தொழிற்சாலைகள் வளரவில்லை என்பது ஒன்று. டிமோதி பெஸ்லியும் ராபின் பர்ஜெஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மிகவும் எடுத்துக்காட்டப்படும் சான்று. 1958 முதல் 1992 வரை மாநிலங்கள் தொழில் தகராறு சட்டத்துக்குச் செய்த திருத்தங்களை அவர்கள் தொழிலாளர் சார்பு, முதலாளி சார்பு என்று பிரித்து மதிப்பெண் இட்டார்கள். தொழிலாளர் பக்கம் சாய்ந்த மாநிலங்களில் பதிவுபெற்ற ஆலைத்துறை பின்தங்கியது என்பது அவர்களது முடிவு.

இதைப் பொருளியலாளர் ஆதித்ய பட்டாச்சார்ஜி கடுமையாக விமர்சித்தார். குஜராத் தொழிலாளர் சார்பு மாநிலமாகக் குறிக்கப்பட்டது ஆலைக் குழுக்கள் தொடர்பான ஒரு சிறு திருத்தத்தை வைத்துத்தான் என்று அவர் காட்டினார். அந்த மதிப்பீட்டில் முதலாளி சார்பு மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு இருந்தது. கேரளமும் இருந்தது! ஆலப்புழையில் கயிறு திரித்தவர்கள் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

சட்டம் பாதுகாப்பு தருகிறது, அமலாக்கம்தான் இல்லை என்பது மற்றக் கருத்து. தொழிற்சங்க மேடைகளில் இதைத்தான் அதிகம் கேட்கலாம். உண்மை இதிலும் உண்டு. ஆனால் குறை ஆய்வாளர் வராததில் மட்டும் இல்லை. யாருக்கு உரிமை உண்டு என்பதைச் சட்டமே தன் வரையறைகளால் முதலில் வடிகட்டிவிடுகிறது. வடிகட்டியில் தங்கியவர்களுக்குத்தான் அமலாக்கம் என்ற பேச்சே எழுகிறது.

240 நாள் என்னும் கோடு

தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப் பிரிவு கேட்பது அதிகமில்லை. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அந்த மாதச் சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், அரசுக்கு ஓர் அறிவிப்பு. கடைசியாக வந்தவரே முதலில் போகவேண்டும் என்கிறது 25ஜி. மறுபடி ஆள் எடுத்தால் போனவருக்கே முன்னுரிமை என்கிறது 25எச். 'ஓராண்டு' என்பதற்கு 12 மாதத்தில் 240 நாள் என்று பொருள்.

எந்த நாளைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற கணக்கே உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஊழியர் ஒருவர் உண்மையில் வேலை பார்த்தது 220 நாள். ஞாயிறும் சம்பள விடுமுறையும் சேர்ந்தால் 275. ஞாயிறு சேராது என்றது நிர்வாகம். சம்பளம் கொடுத்த நாளெல்லாம் சேரும் என்று 1985இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டு, அந்த ஓய்வைக் காரணம் காட்டி உரிமையை வெட்டுவது எப்படித் தகும்?

நாட்களை யார் நிரூபிப்பது என்பதில் காற்று வேறு திசையில் அடித்தது. 240 நாள் வேலை பார்த்ததாகச் சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று 2002இல் வனச்சரக அலுவலர் ஒருவர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தொழிலாளியின் பிரமாண வாக்குமூலம் மட்டும் போதாது. சம்பள ரசீது வேண்டும், நியமன ஆணை வேண்டும். தினக்கூலிக்கு யார் நியமன ஆணை தருகிறார்கள்? 2005இல் வந்த இன்னொரு தீர்ப்பு இந்த இக்கட்டை ஓரளவு உணர்ந்தது. தினக்கூலித் தொழிலாளியிடம் கடிதமோ ரசீதோ இராது என்பதைக் கணக்கில் கொண்டு, அவர் கூண்டேறிச் சாட்சி சொல்லலாம், மஸ்டர் ரோலைக் கொண்டுவரும்படி நிர்வாகத்தைக் கேட்கலாம் என்று வழிகாட்டியது. மஸ்டர் ரோல் என்ற அந்த நீளமான பதிவேடு இருப்பதோ நிர்வாகத்தின் அலமாரியில்.

நாட்களை நிரூபித்து வென்றாலும் பழைய நாற்காலி கிடைக்கும் என்பது உறுதியில்லை. முன்பு சட்டவிரோத ஆட்குறைப்பு என்று தீர்ந்தால் பழைய சம்பளத்துடன் மீண்டும் வேலை என்பதே வழக்கம். 2009 வாக்கில் உச்ச நீதிமன்றத்தின் போக்கு மாறியது. ஹரியானா வேளாண் சந்தை வாரியத்தில் 240 நாளுக்கு மேல் வேலை பார்த்த ஒரு தினக்கூலித் தொழிலாளிக்கு மறுபணிக்குப் பதில் 50,000 ரூபாய் கொடுத்தால் போதும் என்றது. சட்டமீறலுக்குக் குறைந்த விலைப்பட்டி ஒன்று இப்படி உருவாகிவிட்டது என்பது கடுமையான விமர்சனம்தான், ஆனால் புறந்தள்ள முடியாதது.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு தனி எண் உண்டு. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கல் சட்டம். பதிலி, தற்காலிகம், கேஷுவல் என்று எப்பெயரால் அழைத்தாலும் 480 நாள் என்றால் நிரந்தரம்தான். அந்தக் கோட்டை நெருங்கும்போது ஆளை மாற்றும் வழக்கத்தை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 'டிரெய்னி' என்ற பெயரில் ஒரு சுற்று, 'கான்ட்ராக்ட்' என்று இன்னொரு சுற்று, நடுவில் சில வாரம் வீட்டில். தாராளமாக எழுதப்பட்ட ஒரு சட்டம் ஆட்களைச் சுழற்றும் கால அட்டவணையாகிவிட்டது.

நூறிலிருந்து முந்நூறு

பெரிய ஆலைகளுக்கு இன்னொரு வேலி இருந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், 300 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற 5பி அத்தியாயம் தொழில் தகராறு சட்டத்தில் வந்தது. பின்னர் 1982 திருத்தம் அந்த எண்ணை 100 ஆக்கியது. இதை எதிர்த்து நடந்த வழக்குகளில் ஒன்று மதுரையோடு தொடர்புடையது. மீனாட்சி மில்ஸ் வழக்கில்தான் 1992இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஆட்குறைப்புக்கு முன் அனுமதி கேட்கும் 25என் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இந்த அத்தியாயம் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே. தரமணியில் 10,000 பேர் உட்காரும் கண்ணாடிக் கட்டடத்துக்கு இது எந்நாளும் பொருந்தியதில்லை. மென்பொருள் நிறுவனத்தை ஆளை அனுப்ப முடியாத இறுக்கம் கட்டிப்போட்டிருக்கிறது என்று பேசுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அங்கே பொருந்துவது 15 நாள் கணக்கு மட்டுமே, அதுவும் அவர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வந்தால்.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரையும், குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரையும் அந்த வரையறை விலக்குகிறது. செய்யும் வேலைதான் முக்கியம், பதவியின் பெயர் முக்கியமில்லை என்று நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கின்றன. நிரல் எழுதிக்கொண்டே நான்கு பேருக்கு வேலை பிரித்துக்கொடுப்பவர் 'டீம் லீடர்' ஆனதாலேயே தொழிலாளி என்ற தகுதியை இழந்துவிடுவதில்லை. தகவல் தொழில்நுட்பத் துறையினரும் இச்சட்டத்துக்கு உட்பட்டவர்களே, சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தவேண்டி வந்தது. சட்டம் 1947இல் வந்தது.

'விருப்பம்' என்ற சொல்

ஆட்குறைப்பு என்பதன் வரையறையில் விருப்ப ஓய்வு சேராது. தொழிலாளி கையெழுத்திட்டு எழுதிக்கொடுத்துவிட்டால் அனுமதி, முன்னறிவிப்பு, கடைசியில் வந்தவர் முதலில் என்ற விதிகள் எல்லாம் ஒதுங்கிக்கொள்கின்றன. நடைமுறையில் பெரிய வெளியேற்றங்கள் இந்த வாசல் வழியாகவே நடக்கின்றன.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டதால், நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. 2014இல் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பல ஆயிரம் பேர் எழுதிக்கொடுத்தார்கள். அவர்களில் கணிசமானோர் இருபதுகளில் இருந்த பெண்கள். இருபத்துச் சொச்ச வயதில் 'விருப்ப ஓய்வு' என்ற தொடரே விசித்திரம். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

மறைமலைநகர் ஃபோர்டு ஆலையின் கதை சற்று வேறு. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. ஏற்றுமதிக்கான கடைசிக் கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்த 2022 மே இறுதியில், இழப்பீட்டுத் தொகை போதாது என்று தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். கடைசியில் முடிவானது, பணியாற்றிய ஆண்டொன்றுக்குச் சராசரியாக 130 நாள் சம்பளம். சட்டத்தின் குறைந்தபட்சம் 15 நாள். இரண்டுக்கும் இடையிலான 115 நாளை எந்தச் சட்டப் பிரிவும் தரவில்லை. நிரந்தரத் தொழிலாளரும் அங்கீகாரம் பெற்ற சங்கமும் முடிக்கவேண்டிய ஆர்டரும் ஒரே நேரத்தில் அமைந்ததால் கிடைத்தது அது. அதே வளாகத்துக்கு உதிரிபாகம் அனுப்பிய சிறு ஆலைகளில் கான்ட்ராக்டில் இருந்தவர்களுக்கு அந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

அலுவலகங்களில் இதே நாடகம் ஓசையின்றி நடக்கும். மனிதவளத் துறை ஒரு சிறு அறைக்கு அழைக்கிறது. 'நீங்களே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டால் அனுபவச் சான்றில் கறை வராது' என்கிறது. 2014 இறுதியில் டி.சி.எஸ். நிறுவனத்தின் பணிநீக்கங்கள் சென்னையில் பெரும் விவாதமானபோது இப்படிப்பட்ட அனுபவங்கள் வெளியே வந்தன. 2015 ஜனவரியில் கருவுற்றிருந்த ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவர் தடை பெற முடிந்ததற்கு ஒரு காரணம், அவரிடம் பணிநீக்கக் கடிதம் இருந்தது. ராஜினாமா எழுதிக்கொடுத்திருந்தால், அது மிரட்டி வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழுந்திருக்கும்.

விரலின் விலை

பணியிட விபத்துச் சட்டம் இவை எல்லாவற்றிலும் மூத்தது. 1923இல் இயற்றப்பட்டது, 1924 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முதலாளியின் அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையில்லை, வேலையின்போது வேலையால் நேர்ந்த காயம் என்றால் போதும் என்ற கொள்கையால் அது தன் காலத்தில் பெரிய பாய்ச்சல். குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறியது, காப்பு மூடியைக் கழற்றியது ஆகிய மறுப்புகள் முதலாளிக்கு உண்டு. ஆனால் உயிர் போயிருந்தால் அவை செல்லாது.

இச்சட்டத்தில் மனித உடல் ஓர் அட்டவணை. கட்டைவிரல் முழுதும் போனால் 30 விழுக்காடு. சுட்டுவிரல் 14. நடுவிரல் 12. மோதிரவிரலும் சுண்டுவிரலும் தலா 7. இந்த விழுக்காட்டைச் சம்பளத்தாலும் வயதாலும் பெருக்க வேண்டும். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 25 வயதுத் தொழிலாளிக்கு வயதுக் காரணி 216.91. சம்பளத்தில் 60 விழுக்காடு 9,000. இரண்டையும் பெருக்கி அதில் 14 விழுக்காடு எடுத்தால் சுட்டுவிரலுக்கு ஏறத்தாழ 2,73,300 ரூபாய். அவருக்கு 15,000 கையில் கொடுத்துவிட்டு ஏட்டில் 8,000 என்று எழுதியிருந்தால் அதே விரல் ஏறத்தாழ 1,45,800க்கு இறங்கிவிடும். 30,000 வாங்கியிருந்தாலும் கணக்கு 15,000ஐத் தாண்டாது. அதுதான் 2020 முதல் உள்ள உச்சவரம்பு.

அட்டவணையைச் சுருக்கமாகப் படிப்பதா, மனிதனை வைத்துப் படிப்பதா என்ற கேள்விக்கு 1975இல் ஒரு நல்ல விடை கிடைத்தது. தச்சர் ஒருவர் வேலையின்போது விழுந்ததில் இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்கவேண்டி வந்தது. அட்டவணைப்படி அது பகுதி இழப்புதான். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு இழப்பு என்று ஆணையர் முடிவு செய்தார். உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதி அமர்வு அதை ஏற்றது. இழப்பீடு விபத்து நாளிலிருந்தே கடனாகிறது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பின்னால் சில சிறு அமர்வுகள் இதை மறந்து, ஆணையர் தீர்ப்பளித்த நாளிலிருந்துதான் வட்டி என்று சொல்லிவந்தன. 2012இல்தான் பழைய நிலை உறுதியானது. 12 விழுக்காடு வட்டி, தகுந்த காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதிவரை அபராதம். சில ஆண்டு இழுத்தடிக்கும் வழக்குகளில் இது சிறிய விஷயமில்லை.

பலருக்கும் தெரியாத ஒரு விதியை இங்கே சொல்லியாக வேண்டும். இறப்பு நேர்ந்தால் இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது. தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்டவேண்டும். மூன்று மாதச் சம்பளம்வரை முன்பணமாகக் கொடுத்ததை மட்டுமே கழித்துக்கொள்ளலாம். மருத்துவமனைப் பிணவறை வாசலில் ஊர்ப் பெரியவர் நடுவில் நின்று பேசிமுடிக்கும் தொகையும், அங்கே வாங்கும் வெற்றுத்தாள் கையெழுத்தும் சட்டக் கண்ணில் தீர்வாகா. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித்தரும் ஒப்பந்தமும் செல்லாது. கான்ட்ராக்டரின் ஆள் என்று கைவிரிப்பதும் எடுபடாது. முதன்மை முதலாளியிடமே கேட்கலாம், அவர் வேண்டுமானால் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். கெடு மட்டும் இரண்டு ஆண்டு.

10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் மாதம் 21,000 ரூபாய்வரை வாங்குபவருக்கு இந்த வழி அடைபட்டு, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு திறக்கிறது. அங்கே மொத்தத் தொகைக்குப் பதில் மாதாமாதம் உதவித்தொகை. முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் காப்பு உண்டு, சந்தா நாட்கள் சேர்ந்திருக்கத் தேவையில்லை. இந்த நல்ல விதியே ஒரு கெட்ட பழக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. வட இந்திய வாகன உதிரிபாகப் பட்டறைகளில் பவர் பிரஸ்ஸில் விரலிழந்தவர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 'கிரஷ்ட்' என்ற அறிக்கைகளை 2019 முதல் வெளியிட்டுவருகிறது. பல தொழிலாளிகளுக்கு இ.எஸ்.ஐ. அட்டை விபத்துக்குப் பிறகே கிடைத்தது என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. கை நசுங்கும்வரை அவர்கள் எந்த ஏட்டிலும் இருந்ததில்லை.

எட்டு நாள்

நோயும் வேலையிழப்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட ஒரு சென்னை வழக்கு இங்கே நினைவுகூரத்தக்கது. பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் மில்லின் வேலைவிதிகளான நிலையாணையில், அனுமதியின்றித் தொடர்ந்து எட்டு வேலைநாள் வராதவர் வேலையை விட்டுவிட்டவராகவே கருதப்படுவார் என்று ஒரு விதி இருந்தது. 1957இல் விடுப்பில் போன தொழிலாளி ஒருவர் குறித்த நாளில் திரும்பவில்லை. பிறகு மருத்துவச் சான்றோடு வந்தார். நோயில் இருக்கும் காலத்தில் தொழிலாளியை நீக்கக்கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இங்கே நிர்வாகம் யாரையும் நீக்கவில்லை, விதிப்படி வேலை தானாக அற்றுப்போனது, ஆகவே 73 பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் ஆலையின் பக்கம் தீர்ப்பளித்தது.

காசாளரின் வங்கி சொன்ன அதே வாதம். 'நாங்கள் நீக்கவில்லை, தானாக முடிந்தது.' அங்கே அது தோற்றது. இங்கே வென்றது. 1993இல் இன்னொரு நிறுவன வழக்கில், தானியங்கி நீக்கம் என்று நிலையாணை சொன்னாலும் விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் ஒருவரின் பிழைப்பை எடுத்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இந்தக் கத்தி மழுங்கியது. இன்றும் விபத்தில் அடிபட்டுப் படுத்தவர் 'வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்' என்று ஏட்டில் எழுதப்படுவது உண்டு. அந்த ஒரு வரி, ஆட்குறைப்பு இழப்பீட்டையும் சேர்த்து விழுங்கிவிடும்.

போவதும் உரிமைதான்

வேலையை விட்டுப் போவது ஒருகாலத்தில் குற்றம். முன்பணம் வாங்கிவிட்டு வேலையைப் பாதியில் விட்ட கைவினைஞரையும் தொழிலாளியையும் சிறைக்கு அனுப்ப 1859இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கல்கத்தா வணிகர்களின் கோரிக்கையில் பிறந்த அது, 1925இல்தான் நீக்கப்பட்டது. நீலகிரி, வயநாட்டுத் தோட்டங்களுக்காக 1903இல் சென்னை மாகாணம் தனிச் சட்டமே வைத்திருந்தது. தப்பியோடிய கூலி என்ற சொல்வழக்கு அந்தக் காலத்து மிச்சம்.

இன்றைய சட்டத்தில் ஒருவரை வேலையில் தொடருமாறு நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது. தனிமனிதச் சேவை ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றும்படி ஆணையிட முடியாது என்ற பொதுவிதி இரு பக்கமும் வெட்டும். முதலாளி ஊழியரைப் பிடித்துவைக்க முடியாது. தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு இல்லாத மேலாளரும், தன்னைத் திரும்ப எடுக்கும்படி கேட்க முடியாது.

போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, வேலை முடிந்த பிறகு செல்லாது. வேலைக்காலத்துக்குள் செல்லும். 1967இல் செஞ்சுரி மில் ஊழியர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் நடுவே போட்டி ஆலைக்குப் போனபோது தடை ஏற்கப்பட்டது. 1980 வழக்கு இன்னும் சுவையானது. 'நிறுவனத்தை விட்டுச் சென்றால்' இரண்டாண்டு போட்டித் தொழில் கூடாது என்று ஒப்பந்தம். நிறுவனமோ அவரைத் தானே நீக்கியிருந்தது. விட்டுச் செல்வது வேறு, விரட்டப்படுவது வேறு என்று நீதிமன்றப் பெரும்பான்மை சொல்லிவிட்டது.

'பாண்டு' விஷயத்தில் நிலைமை அவ்வளவு தெளிவில்லை. மூன்றாண்டுக்குள் போனால் இரண்டு லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி ஒவ்வொரு காலியிடத்துக்கும் திறந்த தேர்வு நடத்தியாக வேண்டும், அதற்குச் செலவு உண்டு என்ற காரணம் அதில் முக்கிய இடம் பெறுகிறது. வளாக நேர்காணலில் நூற்றுக்கணக்கில் ஆளெடுக்கும் தனியார் நிறுவனத்துக்கு அதே காரணத்தை அப்படியே தூக்கிக் கொடுப்பது பொருந்தாது. அங்கே உண்மையில் என்ன பயிற்சி கொடுத்தார்கள், என்ன செலவானது என்று கேட்க ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இன்னும் இடம் தருகிறது. நியாயமான தொகைக்கு மேல் தண்டம் வாங்க முடியாது என்பது அதன் அடிப்படை. ஆனால் இருபத்திரண்டு வயதில் கையில் ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த நிறுவனத்தின் வாசலில் நிற்பவர் 74ஆம் பிரிவைப் பற்றி யோசிப்பதில்லை. கட்டிவிட்டுப் போகிறார்.

பாண்டு என்ற பெயரில்லாத பாண்டுகளும் உண்டு. கோவை, திருப்பூர், திண்டுக்கல் நூற்பாலைகளில் நெடுநாள் நடந்த சுமங்கலித் திட்டம் அப்படிப்பட்டது. மூன்றாண்டு முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை. நடுவில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பினால் அது போயிற்று. 1859ஆம் ஆண்டுச் சட்டம் சிறையைக் காட்டிச் செய்ததை, இது தங்க நகையைக் காட்டிச் செய்தது.

ஐந்தாண்டு வேலை பார்த்தால்தான் பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்ற கோடும் போகிறவரின் காலைப் பிடிக்கும். நான்கே முக்கால் வருடத்தில் வேலை மாறலாமா என்று கணக்குப் போடாதவர் குறைவு. நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பார்த்திருந்தால் போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பல நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை. இறந்தாலோ வேலை செய்ய முடியாதபடி ஊனமுற்றாலோ ஐந்தாண்டு கேட்கக்கூடாது என்பதில் மட்டும் கருத்துவேறுபாடு இல்லை.

புதிய தொகுப்புகளின் எண்கள்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. மேலே பேசிய தீர்ப்புகள் எல்லாம் பழைய சட்டங்களின்மேல் எழுந்தவை. ஆனாலும் 15 நாள் இழப்பீடு, 240 நாள், விரல் அட்டவணை எல்லாம் புதிய வீட்டுக்குப் பழைய தட்டுமுட்டுச் சாமான்களாகக் கூடவே வந்திருக்கின்றன.

மாறியவற்றில் தொழிலாளிக்குச் சாதகமானவை உண்டு. வேலை எப்படி முடிந்தாலும், தானாக விட்டாலும்கூட, இரண்டு வேலைநாளுக்குள் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும். 'செட்டில்மென்டுக்கு 45 நாள் ஆகும்' என்ற பழைய பல்லவிக்கு இதோடு முடிவு வரவேண்டும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு 15 நாள் சம்பளம் மறுதிறன் நிதியிலிருந்து. எதிர்ப்பக்கத்தில், முன் அனுமதிக்கான எண் 100இலிருந்து 300 ஆகிவிட்டது. 1976இல் தொடங்கிய இடத்துக்கே அது திரும்பியிருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்து போவது ஆட்குறைப்பில் சேராது என்பதும் உறுதியாகிவிட்டது. ஒன்பது நாள் காசாளர் இன்று வந்தால், அவருக்கு விகிதப்படி கொஞ்சம் பணிக்கொடை கிடைக்கலாமா என்று ஆராயலாம். வேலையைக் கேட்க வழியில்லை.

இவை அனைத்திலும் இக்கட்டுரையின் கேள்விக்கு மிக நெருக்கமானது ஒரு சிறு விதி. பணிப் பாதுகாப்புத் தொகுப்பின்படி முதலாளி ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பு தினக்கூலியிடம் கேட்ட அதே தாள். சேர்ந்த தேதியும் சம்பளமும் உண்மையாக எழுதப்பட்டால், 240 நாளும் 2,73,300 ரூபாயும் மஸ்டர் ரோலை நம்பி நிற்கத் தேவையில்லை. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் என்கின்றன அரசின் அறிவிப்புகள். அந்தத் தொகுப்பின் பொதுவான எல்லையோ 10 பேர் உள்ள நிறுவனத்தில்தான் தொடங்குகிறது. அம்பத்தூர்ப் பின்தெருக்களில், ஒரு பவர் பிரஸ்ஸும் இரண்டு லேத்தும் ஓடும் பட்டறைகளில் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் ஏழு பேர் இருப்பார்கள், எட்டுப் பேர் இருப்பார்கள்.